ஏசியில் ‘கேஸ் இறங்கிடுச்சு’ என்கிறாரா மெக்கானிக்? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மே மாதம். கத்திரி வெயில். இரவு 11 மணிக்கும் மொட்டை மாடிச் சூடு கூரை வழியாக இறங்குகிறது. ஏசி ஓடுகிறது, ஆனால் ரூம் குளிரவில்லை. மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தால், சர்வீஸ்காரர் வந்து அவுட்டோர் யூனிட்டில் மீட்டரை மாட்டிப் பார்க்கிறார்.

“கேஸ் சுத்தமா இறங்கிடுச்சு சார். ஃபில் பண்ணணும். மூவாயிரம் ஆகும்.”

“போன வருஷமும் இதையேதானே சொன்னாங்க?”

“வருஷா வருஷம் கொஞ்சம் குறையும் சார். ஏசின்னா அப்படித்தான்.”

வீட்டில் ஏசி வைத்திருக்கும் பலருக்கும் இந்த உரையாடல் பழக்கமானதுதான். கேஸ் அடிப்பார்கள், ரூம் ஜில்லென்று ஆகும், பணத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். அடுத்த கோடையில் மறுபடியும் அதே மீட்டர், அதே பதில்.

அந்த உரையாடலின் கடைசி வரி தவறு. ஏசியில் உள்ள கேஸ் வருஷா வருஷம் குறையக் கூடாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், ஏசி பராமரிப்பில் எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தானாகவே புரிந்துவிடும்.

ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை

வீட்டில் தண்ணீர் மோட்டார் என்ன செய்கிறது? தண்ணீரை அது உருவாக்குவதில்லை. கீழே சம்பில் இருப்பதை மேலே டேங்குக்கு ஏற்றிவிடுகிறது. ஏசியும் அப்படி ஒரு பம்ப்தான். ரூமில் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. இதனால்தான் இந்த வகை இயந்திரத்துக்கு ‘ஹீட் பம்ப்’ என்று பெயர். குளிர் நாடுகளில் இதே இயந்திரத்தைத் திருப்பி ஓடவிட்டு, வெளியில் இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறார்கள். வட இந்தியாவில் ‘ஹாட் அண்ட் கோல்டு’ என்று விற்கப்படும் ஏசிகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

அந்த வெப்பத்தைச் சுமந்து செல்லும் கூலிதான் ‘கேஸ்’. கையில் சானிடைசர் ஊற்றினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? திரவம் ஆவியாகும்போது கையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏசிக்குள்ளும் இதுவே நடக்கிறது. இண்டோர் யூனிட்டில் உள்ள காயிலுக்குள் திரவமாக வரும் கேஸ், ரூம் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிறது. வெளியே இருக்கும் கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. அவுட்டோர் காயிலில் அந்தச் சூடு வெளிக்காற்றுக்குப் போய்விட, கேஸ் மறுபடி திரவமாகி உள்ளே திரும்புகிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

வெப்பத்தை இடம் மாற்ற மட்டுமே மின்சாரம் செலவாவதால்தான், ஒன்றரை டன் ஏசி சுமார் ஒன்றரை கிலோவாட் மின்சாரத்தில் ஐந்து கிலோவாட்டுக்கும் அதிகமான வெப்பத்தை வெளியேற்ற முடிகிறது. ‘டன்’ என்பது ஏசியின் எடை இல்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பம் தேவையோ, அதே வேகத்தில் வெப்பத்தை எடுக்கும் திறனுக்கு ஒரு டன் என்று பெயர்.

இந்தச் சுற்றில் கேஸ் எரிவதும் இல்லை, செலவாவதும் இல்லை. பைக்குக்குப் பெட்ரோல் போடுவது போன்ற கணக்கு இதற்குப் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் கிச்சனுக்குப் போய் ஃப்ரிட்ஜைப் பாருங்கள். அதிலும் இதே சுற்றுதான். 24 மணி நேரமும், பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு வருஷா வருஷம் யாராவது கேஸ் அடிக்கிறார்களா?

ஃப்ரிட்ஜின் பைப் இணைப்புகள் எல்லாம் ஃபேக்டரியிலேயே சீல் செய்யப்படுகின்றன. ஸ்ப்ளிட் ஏசியில் இண்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையிலான காப்பர் பைப்பை நம் வீட்டுக்கு வந்து, ஸ்டூலில் ஏறி நின்று மாட்டுகிறார்கள். லீக் வருவதற்கான வாய்ப்பு அங்கேதான் நுழைகிறது.

அப்புறம் ஏன் கூலிங் குறைகிறது?

பல நேரங்களில் காரணம் கேஸ் இல்லை, தூசிதான். இண்டோர் காயிலின் மேல் காற்று தாராளமாகப் போனால்தான் வெப்பம் கேஸுக்கு ஏறும். ஃபில்டர் அடைத்திருந்தால் ஏறாது. அவுட்டோர் காயிலில் அழுக்கு படிந்திருந்தால் எடுத்த வெப்பத்தைக் கொட்ட முடியாது. இரண்டில் எது நடந்தாலும் ரூமில் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: கூலிங் இல்ல.

சர்வீஸுக்கு போன் செய்யும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் பாருங்கள்:

- ரிமோட்டில் ‘கூல்’ மோடு இருக்கிறதா? தெரியாமல் ‘ஃபேன்’ அல்லது ‘டிரை’ மோடுக்கு மாறியிருக்கலாம்.

- ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். மறுபக்கம் தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

- அவுட்டோர் ஃபேன் சுற்றுகிறதா, கம்ப்ரசரின் உறுமல் கேட்கிறதா? பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் ஃபேன் மட்டும் சுற்றி கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் கெபாசிட்டர் போயிருக்கலாம். அது சின்ன பார்ட், கம்ப்ரசரோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. “கம்ப்ரசர் போச்சு” என்று யாராவது சொன்னால், “கெபாசிட்டர் மாத்திப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள். ஆனால் நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். ஸ்விட்ச்சை ஆஃப் செய்த பிறகும் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு சார்ஜ் இருக்கும்.

- காயிலிலோ பைப்பிலோ ஐஸ் படிந்திருக்கிறதா? அழுக்கு ஃபில்டராலும் ஐஸ் பிடிக்கும், கேஸ் குறைந்தாலும் பிடிக்கும். ஏசியை ஆஃப் செய்து ஐஸ் முழுவதும் உருக விட்டு, ஃபில்டரைக் கழுவி மாட்டி மறுபடி ஓடவிடுங்கள். மீண்டும் ஐஸ் பிடித்தால் ஆளைக் கூப்பிடுங்கள்.

- சாதாரண தெர்மாமீட்டர் இருந்தால், ஏசி 15 நிமிடம் நன்றாக ஓடிய பிறகு, மேலே உள்ளே போகும் காற்றையும் கீழே வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் சுற்று ஒழுங்காகத்தான் நடக்கிறது. இன்வெர்ட்டர் ஏசி, ரூம் குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது வித்தியாசம் குறைவாகத் தெரியும். அதனால் ரூம் சூடாக இருக்கும்போதே அளப்பது நல்லது.

ஆள் வேண்டாத வேலைகள்

ஏசி பராமரிப்பில் பலன் அதிகம் தருவது ஃபில்டர் கழுவுவதுதான். அதற்குச் செலவே கிடையாது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். மெயின் ரோட்டை ஒட்டிய வீடு, பக்கத்தில் கட்டட வேலை என்றால் வாரம் ஒருமுறை. மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் செய்து, முன்பக்க மூடியைத் தூக்கி, ஃபில்டரை உருவி எடுங்கள். தூசி படிந்த பக்கத்துக்குப் பின்னாலிருந்து தண்ணீர் விட்டால் அழுக்கு எளிதாக வரும். நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்து திரும்ப உட்காராது.

அடுத்தது அவுட்டோர் யூனிட்டுக்கு மூச்சு விட இடம் கொடுப்பது. பால்கனியில் அதன் முன்னால் துணி காயப்போடுவது, அழகுக்காக நாலு பக்கமும் மரப்பலகை அடைப்பது, புறாவுக்குப் பயந்து நெருக்கமான வலையைச் சுற்றிக் கட்டுவது எல்லாம் அது கொட்டிய சூட்டையே அது மறுபடி இழுக்க வைக்கும். வலை போட்டே ஆக வேண்டும் என்றால் கண் பெரிதாக, யூனிட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

மூன்றாவது டிரெய்ன் பைப். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஒன்றரை டன் ஏசி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வெளியே சொட்டாமல் இண்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் வழிகிறது என்றால், பைப்பில் பாசி அடைத்திருக்கும் அல்லது வாட்டம் இல்லாமல் மாட்டியிருப்பார்கள். வெளியே பைப் நுனி பக்கெட் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் இப்படி நடக்கும்.

வாட்டர் சர்வீஸ் எப்போது?

காயிலுக்குள் ஆழமாகப் படியும் அழுக்கு ஃபில்டர் கழுவுவதால் போகாது. அதற்குத்தான் ஜெட் பம்ப் வைத்துச் செய்யும் வாட்டர் சர்வீஸ். தினமும் ஓடும் ஏசிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை நல்லது. முதலாவதை பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். ஏப்ரலில் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது, கிடைப்பவரும் அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் இருப்பார்.

சர்வீஸின்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இண்டோரில் உள்ள பிசிபியை பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினாரா? அலுமினியத் தகடுகள் வளையாத அளவு பிரஷரில், நேராகத் தண்ணீர் அடிக்கிறாரா? அவுட்டோர் யூனிட்டையும் கழுவினாரா? மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது எட்டாத இடத்தில் இருக்கும்.

கடற்கரையை ஒட்டி வசிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு விஷயம். திருவான்மியூரோ தூத்துக்குடியோ, உப்புக்காற்று காயிலின் உலோகத்தை அரிக்கும். கழிவுநீர்க் கால்வாய் பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு காப்பரைக் கறுக்கச் செய்யும். இங்கெல்லாம் அவுட்டோர் யூனிட்டை இடையிடையே நல்ல தண்ணீரில் கழுவுவது அரிப்பைத் தள்ளிப்போடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால்?

ஃபில்டர் சுத்தம், காயில் சுத்தம், ஃபேன் சரியாக ஓடுகிறது, ஆனாலும் கூலிங் இல்லை. அவுட்டோர் வால்வில் பைப் சேரும் இடத்தில் எண்ணெய்க் கறை தெரிகிறது. மெல்லிய பைப்பில் வெள்ளையாகப் பனி பிடிக்கிறது. இவை லீக்குக்கான அடையாளங்கள். பைப்பை இணைக்கும் நட், வால்வின் மூடி, அரித்துப்போன காயில் ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் பிரச்சினை இருக்கும்.

மீட்டரை மாட்டிப் பார்த்த பிரஷர் மட்டுமே போதுமா என்றால், போதாது. ஆஃப் செய்து கிடக்கும் ஏசியில் பிரஷர் வெப்பநிலையைப் பொறுத்தது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஓடும் இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகத்துக்கேற்ப பிரஷர் மாறிக்கொண்டே இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள சமையல் சிலிண்டரே போதும். அதில் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று பார்க்க யாரும் பிரஷர் அளப்பதில்லை. தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கிறோம். ஏசிக்கும் அதுதான் முறை. எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

முறையான வேலை இந்த வரிசையில் நடக்கும்:

1. சோப்பு நுரை அல்லது டிடெக்டர் வைத்து லீக் எங்கே என்று கண்டுபிடிப்பது.
2. அதைச் சரிசெய்வது. நட் என்றால் புதிதாக ஃபிளேர் செய்து இறுக்குவது, பைப் என்றால் வெல்டிங்.
3. நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது.
4. வாக்யூம் பம்ப் வைத்து உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது. இதற்கே குறைந்தது 15, 20 நிமிடம் ஆகும்.
5. ஸ்டிக்கரில் உள்ள அளவை எடை மெஷினில் வைத்து நிரப்புவது.

நான்காவது படியைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். உள்ளே ஈரம் தங்கினால் கம்ப்ரசர் எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகும். இன்று மிச்சமான இருபது நிமிடம், இரண்டு மூன்று வருஷத்தில் கம்ப்ரசர் செலவாக வந்து நிற்கலாம். லீக்கைத் தேடாமல் ‘டாப்-அப்’ மட்டும் செய்வது, பஞ்சரான டயருக்குக் காற்று மட்டும் அடிப்பது போலத்தான்.

வாடகை வீடு மாறுபவர்கள் கவனத்துக்கு

11 மாத அக்ரிமென்ட் முடிந்து வீடு மாறும்போதுதான் பல ஏசிகளுக்கு முதல் லீக் ஆரம்பிக்கிறது. கழற்றும் முன் கேஸ் முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்ட வேண்டும். இதற்கு ‘பம்ப் டவுன்’ என்று பெயர். சிலர் வால்வைத் திறந்து ‘புஸ்’ஸென்று வெளியே விட்டுவிட்டு, புது வீட்டில் கேஸ் ஃபில்லிங்குக்குத் தனியாகக் காசு வாங்குவார்கள். “பம்ப் டவுன் பண்ணித்தானே கழட்டுவீங்க?” என்று ரேட் பேசும்போதே கேட்டுவிடுங்கள். புது இடத்தில் பைப் நுனியை வெட்டி, புதிதாக ஃபிளேர் செய்யச் சொல்லுங்கள். வாக்யூம் பம்ப் கொண்டுவரச் சொல்லுங்கள்.

காசைவிடப் பெரிய விஷயம்

இப்போது வரும் புதிய ஏசிகள் பலவற்றில் இருப்பது ஆர்-32 கேஸ். இது லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 என்பது புரொப்பேன், அதாவது சமையல் கேஸின் உறவுக்காரர். ஏசி சாதாரணமாக ஓடும்போது இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ரிப்பேர் நேரத்தில்தான் கவனம் வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கேஸ் இருக்கும்போதே பைப்பில் வெல்டிங் டார்ச் வைக்கக் கூடாது. ஆர்-32 நெருப்பில் பட்டால் நச்சு வாயு வரும்.

லீக் பார்க்க நைட்ரஜன் சிலிண்டருக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். பம்ப் டவுன் செய்யும்போது கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பைப்பைக் கழற்றினாலும் வெளிக்காற்று உள்ளே போய் இதே ஆபத்து ஏற்படும்.

வயரிங்கும் முக்கியம். ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசியைச் சொருகக் கூடாது. பிளக் தொட்டால் சுடுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்றால் அன்றைக்கே ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு உயிரும் இதில் இருக்கிறது. மூன்றாவது மாடியின் வெளிச்சுவரில், ஒரு கால் சன்ஷேடில், ஒரு கால் ஜன்னல் கம்பியில் வைத்து வேலை பார்க்கும் அந்த சர்வீஸ் பையன். பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் இன்னொரு நாள் வரச் சொல்லலாம், கூலிங் ஒருநாள் காத்திருக்கும். புது ஏசி மாட்டும்போதே பால்கனி, மொட்டை மாடி என்று கை எட்டும் இடத்தில் அவுட்டோரை வைத்தால் இந்தக் கேள்வியே வராது.

ஈபி பில்லும் பூமியின் சூடும்

அழுக்கு ஏசி அதே குளிருக்கு அதிக நேரம் ஓடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போய்விடும். 490-க்கும் 510-க்கும் இடையிலான அந்த இருபது யூனிட் சில சமயம் ஒரு ஃபில்டர் கழுவும் வேலைதான். செட்டிங்கை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ. ரூம் ஏசிகளை ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 25 அல்லது 26 வைத்து, சீலிங் ஃபேனையும் மெதுவாக ஓடவிட்டால் போதும்.

லீக்காகும் கேஸ் சும்மா காற்றில் கரைந்து போய்விடுவதும் இல்லை. ஒரு கிலோ ஆர்-32, பூமியைச் சூடாக்குவதில் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஏறக்குறைய 290 லிட்டர் பெட்ரோல் எரித்ததற்கு ஈடு. பழைய ஆர்-410ஏ, ஆர்-22 கேஸ்கள் இதைவிட மோசம். இந்த வகைக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி ஒப்பந்தத் திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் 2019-ல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளிப்பதை இலக்காக வைத்தது. கம்பெனியில் எந்த கேஸைப் பயன்படுத்தினாலும், அது வெளியேறுவதும் வெளியேறாததும் கடைசியில் நம் வீட்டில் ஸ்பேனர் பிடிப்பவரின் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை கேட்க வேண்டியவை

சண்டை போட வேண்டாம். மெக்கானிக் எல்லோரும் ஏமாற்றுபவர்களும் இல்லை. கோடையில் ஒரு நாளைக்குப் பல வீடுகள் ஏறி இறங்குபவருக்கு லீக் தேட நேரம் இருப்பதில்லை, அதற்குக் காசு கொடுக்க வாடிக்கையாளரும் தயாராக இருப்பதில்லை. லீக் தேடும் வேலைக்கும் சேர்த்துக் கூலி தருவதாக நீங்களே முன்வந்து சொன்னால் பேச்சு மாறும். பிறகு இந்த ஐந்தையும் கேளுங்கள்:

- “லீக் எங்கண்ணா இருக்கு? காட்டுங்க.”
- “வாக்யூம் போடுவீங்களா?”
- “எந்தக் கேஸ்? ஸ்டிக்கர்ல இருக்கறதுதானா?”
- “எத்தனை கிராம்? வெயிட் போட்டுத்தானே அடிப்பீங்க?”
- “பில்லுல கேஸ் பேரு, அளவு, வாரண்டி எழுதிக் கொடுங்க.”

ஐந்தாவதை மறக்காதீர்கள். மூன்று மாதத்தில் கேஸ் மறுபடி ‘இறங்கினால்’, கையில் இருக்கும் அந்த பில்தான் பேசும். கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யும்போதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அதெல்லாம் கோடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால், இன்றைக்கு ஒரே ஒரு வேலை. ஃபில்டரை எப்போது கடைசியாகக் கழற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், ஸ்டூலை எடுங்கள்.